மளிகைக் கடைக்காரரிடம் பேட்டி: இந்தக் கேள்விகள் தேறுமா? (பில் + பற்றுவரவு ஆப்)

#1 | புதுச்சிட்டை

ஒரே கல்லா, முதலாளியும் ஒரு பையனும் நிற்கிற மளிகைக் கடைகளுக்காக, ஃபோனிலேயே பில் போட்டுப் பற்றுவரவும் பார்க்கிற ஆப் ஒன்று திட்டத்தில் இருக்கிறது. ப்ரோகிராம் எழுத உட்காரும் முன் மதுரை, திண்டுக்கல் பக்கம் 15 கடைகளில் பேட்டி எடுக்க வேண்டும். கேள்விகள் இவை. கடைக்குப் போய் அசடு வழிவதற்குப் பதில் இங்கேயே கிழித்துவிடுங்கள்.

1. தினமும் எவ்வளவு வியாபாரம் ஆகிறது?
2. பில் போடுவதில் என்னென்ன சிரமங்கள்?
3. கடன் வசூலாகாமல் கஷ்டப்படுகிறீர்களா?
4. ஃபோனிலேயே எல்லாம் முடிகிற ஆப் இருந்தால் பயன்படுத்துவீர்களா?
5. பாக்கி வைத்தவருக்கு வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் போனால் நன்றாக இருக்குமா?
6. மாதம் எவ்வளவு கட்டணம் கொடுப்பீர்கள்?

#2 | கல்லாமேசை

கிழிக்கச் சொன்னதால் கிழிக்கிறேன். ஆறில் ஒன்றும் தேறாது.

முதல் கேள்வியிலேயே பேட்டி முடிந்துவிடும். சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். நாளுக்கு 11,000 ரூபாய் ஓடினாலே அந்தக் கோட்டுக்கு வந்துவிடும். இந்தக் கணக்கு கடைக்காரருக்குத் தலைகீழ்ப் பாடம். முன்பின் தெரியாத ஆள் வந்து “தினமும் எவ்வளவு?” என்றால் அவர் காதில் விழுவது வரி. 2025 ஜூலையில் கர்நாடகாவில் யூபிஐ வரவைப் பார்த்து வணிகவரித் துறை சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூருவில் கடைகள் “யூபிஐ கிடையாது” என்று தாள் ஒட்டியதும் இங்கேயும் எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு பொய் எண் சொல்வார். அதற்கப்புறம் சொல்வதெல்லாம் அளந்துதான் வரும். கடையின் அளவு தெரிய வேண்டுமானால், வாரத்துக்கு எத்தனை மூட்டை அரிசி இறங்குகிறது என்று கேளுங்கள். யாரும் ஒளிக்க மாட்டார்கள்.

2, 3 இரண்டும் பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிற கேள்விகள். “கஷ்டப்படுகிறீர்களா?” என்றால் இல்லை என்று சொல்கிற வியாபாரி உண்டா? 4, 5 நாளைய கதை. வீடு தேடி வந்த ஆளிடம் “வேண்டாம்” சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. “நல்லாத்தான் இருக்கு, கொண்டாங்க பார்ப்போம்” என்பார்கள். அதற்கு ‘போய் வாருங்கள்’ என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கடைசியா. பேச்சு எப்படிப் போகலாம் என்று மாதிரிக்கு:

“கடைசியா மாசக் கணக்கு முடிச்சுக் கொடுத்தது யாருக்கு அண்ணாச்சி?”
“நேத்து சாயங்காலம். பால்கார வீட்டம்மாவுக்கு.”
“எவ்வளவு நேரம் ஆச்சு?”
“அது ஆச்சு கால் மணி. அந்தம்மா ஒரு நோட்டு வெச்சிருக்கு, நம்மகிட்ட ஒண்ணு. ரெண்டும் ஒத்து வரல.”
“அப்புறம் எப்படி முடிச்சீங்க?”
“பையன் ரெண்டு தடவ எழுதிட்டானோ என்னவோ, நாப்பது ரூபாய விட்டுட்டேன்.”
“அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

இதில் என்ன கிடைத்தது பாருங்கள். நோட்டு ஒன்றல்ல, இரண்டு. சிக்கல் வசூலில் இல்லை, ஒத்துப்பார்ப்பதில் இருக்கிறது. எழுதுகிற கை பையனுடையது, நஷ்டத்தை ஏற்பது முதலாளி. உங்கள் மூன்றாம் கேள்விக்கு இவர் “ஆமா தம்பி, கஷ்டந்தான்” என்றிருப்பார். நீங்கள் போய் நினைவூட்டல் வசதி கட்டியிருப்பீர்கள்.

#3 | நெல்லைக்காரி

எப்போ போறீங்க, எங்க நிக்கிறீங்க என்பதுதான் பாதி வேலை. அதைச் சொல்லிடறேன்.

காலை 6–9, சாயங்காலம் 5–9 கிட்டவே போகக்கூடாது. 11:30-லிருந்து 1 வரைக்கும், இல்லேன்னா மதியம் 3–4:30. மாசம் பொறந்து முதல் பத்து நாள் வேண்டாம், சம்பளம் வந்து மாசச் சாமான் வாங்குற கூட்டம். பொங்கல், தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரமும் வேண்டாம். லைன் சேல்ஸ் ஆள் ஆர்டர் எடுக்க வர்ற கிழமை எதுன்னு பையன்கிட்ட முன்னாடியே விசாரிச்சுக்கிட்டு, அன்னைக்கும் தவிர்த்துடுங்க.

நேரா வாடிக்கையாளர் நிக்கிற இடத்துல நின்னா நீங்க வியாபாரத்தை மறிக்கிறீங்க. கல்லாவுக்குப் பக்கவாட்டுல, தராசு தெரியுற மாதிரி ஓரமா நில்லுங்க. ஸ்டூல் போட்டுக் கொடுத்தா உட்காருங்க. டை, ஐடி கார்டு, டேப்லெட் எதுவும் ஆகாது. லோன் ஏஜென்டுன்னு நினைச்சுடுவாங்க. “ஆப்” என்ற வார்த்தையே முதல் அரை மணிக்கு வாயில வரக்கூடாது. “மளிகைக் கடைல கணக்கு எழுதுற முறையப் பத்தித் தெரிஞ்சுக்க வந்திருக்கோம், இன்னைக்கு எதுவும் விக்கல” — இது போதும், இது உண்மையும்கூட.

40 நிமிஷம் பேசணும்னா ஒன்றரை மணி ஒதுக்குங்க. நடுவுல பத்துப் பேராவது வருவாங்க. அதைத் தடங்கல்னு நினைச்சு ஃபோனை நோண்டாதீங்க. அவர் பில் போடுறதை நேர்ல பார்க்குற வாய்ப்பு அதுதான்.

#4 | பொட்டலம்

நெல்லைக்காரி கடைசியில் சொன்னதைத்தான் முதலில் வைப்பேன். பேட்டியைவிடப் பக்கத்தில் நிற்பது அதிகம் சொல்லும்.

குறிப்பாகத் துண்டுச் சீட்டைப் பாருங்கள். 12 சாமான் வாங்கினால் கடைக்காரர் பிஸ்கட் அட்டையையோ சிகரெட் அட்டையையோ கிழித்து அதன் பின்பக்கம் எழுதுவார். என்ன எழுதுகிறார்? 32, 18, 55, 10, 10, 46… வெறும் எண்கள். ஒரு சாமானின் பெயர்கூட இருக்காது. கூட்டி, கீழே கோடு போட்டு, தொகையை வட்டமிட்டு, அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவார். அரை நிமிடம்.

இப்போது உங்கள் ஆப்பை அந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் தேட வேண்டும், எடை போட வேண்டும், சேர்க்க வேண்டும். அவர் இதுவரை செய்யாத வேலையைக் காலை ஏழு மணிக் கூட்டத்தில் செய்யச் சொல்கிறீர்கள். “பில் போடுவதில் சிரமம் என்ன?” என்று கேட்டால் இது வெளியே வராது. ஏனென்றால் அவருக்கு அது சிரமமே இல்லை. சிரமத்தைக் கொண்டுவரப் போவது நீங்கள்.

இன்னொன்று. “பத்து ரூபாய்க்குப் புளி”, “இருபதுக்கு வரமிளகாய்” என்று கேட்கிறவர்களை எண்ணுங்கள். பணத்தைச் சொல்லிச் சாமான் கேட்பது. அளவைப் போட்டால் விலை வரும் என்று கட்டிய மென்பொருள் இங்கே முழிக்கும். விலையைப் போட்டால் அளவு வர வேண்டும், அல்லது அளவே கேட்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனை என்று குறித்துக்கொண்டு வாருங்கள். திரையின் வடிவமே மாறிவிடும்.

கடன் நோட்டில் பெயர்கள் எப்படி இருக்கின்றன என்றும் பாருங்கள். “மாடி வீட்டு அக்கா”, “மில் ரோடு கடைசி”, “டெய்லர்”. ஃபோன் எண் இருக்காது. வாடிக்கையாளர் எண்ணைக் கட்டாயமாக்கினால் முதல் நாளே 9999999999 என்று அடித்துவிட்டுப் போவார்கள்.

#5 | புதுச்சிட்டை

துண்டுச் சீட்டு விஷயம் தலையில் அடித்த மாதிரி இருக்கிறது. எங்கள் வரைபடத்தில் முதல் திரையே ‘பொருளைத் தேடு’ என்பதுதான்.

எத்தனை கடை? 15 என்று குத்துமதிப்பாகப் போட்டோம். ஐந்து பேரே போதும் என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அது இங்கே செல்லுமா?

#6 | எண்ணும்_எழுத்தும்

செல்லாது. அந்த ஐந்து வேறு ஐந்து. மென்பொருளைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதிப்பது பற்றி நீல்சன், லாண்டவர் என்ற ஆய்வாளர்கள் 1993-ல் கொடுத்த கணக்கு அது: கையில் இருக்கிற ஒரு வடிவமைப்பை ஒருவர் பயன்படுத்திப் பார்த்தால் அதிலுள்ள பிழைகளில் சராசரியாக 31% வெளிப்படும், ஐந்து பேரில் 1 − 0.69⁵, அதாவது சுமார் 84–85%. திரை இருந்தால்தான் அது பொருந்தும். உங்களிடம் திரையே இல்லை.

பேட்டிக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2006-ல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு. கானா, நைஜீரியாவில் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில், 12-க்குள் புதுக் கருத்து வருவது பெரும்பாலும் நின்றுவிட்டது. அடிப்படையானவை 6-லேயே தெரிந்துவிட்டன. ஆனால் அது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்கள், ஒரே மாதிரிக் கேள்விகள் என்பதை மறந்துவிட்டு 12-ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

எளிய கணக்கு ஒன்று தருகிறேன். ஐந்தில் ஒரு கடைக்கு இருக்கிற சிக்கல், 5 கடை பார்த்தால் ஒன்றில்கூடத் தென்படாமல் போக 33% வாய்ப்பு (0.8⁵). 10 கடை பார்த்தால் 11%. 15 பார்த்தால் 3.5%. ஆக 15 நல்ல எண்தான், எல்லாம் ஒரே வகைக் கடையாக இருந்தால்.

#7 | கல்லாமேசை

அந்த ‘ஒரே வகை’ என்பதுதான் இடிக்கிறது. தெருமுனைக் கடை, பேருந்து நிலையக் கடை, ஓட்டல்களுக்குச் சப்ளை செய்கிற கடை மூன்றும் பார்க்க மளிகைதான். பேருந்து நிலையத்தில் கடனே கிடையாது. ஓட்டல் சப்ளையில் பற்றுவரவு பத்தே பேர், தொகை பெரிது. 15-ஐ மூன்றாகப் பிரித்தால் வகைக்கு ஐந்துதான், எதுவும் தேறாது. தெருமுனைக் கடை மட்டும் என்று முடிவுசெய்து 12 பாருங்கள். மீதி மூன்றை வேறு வகையில் ருசி பார்க்க வையுங்கள்.

#8 | எண்ணும்_எழுத்தும்

ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று: 12-ஐயும் ஒரே வாரத்தில் முடிக்காதீர்கள். 4 எடுங்கள், உட்கார்ந்து படியுங்கள், கேள்வியை மாற்றுங்கள், அடுத்த 4-க்குப் போங்கள். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அந்த வாரம் எந்தக் கடையில் போய்க் கேட்டிருந்தாலும் ‘ரேட் மாற்றுவதுதான் பெரிய தலைவலி’ என்றிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆள் அதைச் சொல்வாரா?

#9 | பழையதராசு

யாரிடம் பேசுவது என்று யாரும் சொல்லவில்லையே. பில் மென்பொருள் வாங்கிவிட்டுக் கைவிட்டவர் ஒருவர், நோட்டைத் தவிர வேறு தெரியாதவர் நாலு பேருக்குச் சமம். கண்டுபிடிப்பது எளிது. கல்லா மேல் துணி போர்த்திய கம்ப்யூட்டர், அதன் மேல் ஊதுபத்திப் பாக்கெட். அல்லது பிரின்டர் இருக்கும், ரோல் இருக்காது.

அவரிடம் காலவரிசையில் பின்னோக்கிப் போங்கள். கடைசியாக எப்போது அதில் பில் போட்டீர்கள்? அன்று என்ன நடந்தது? வாங்கும்போது யார் சொல்லி வாங்கினீர்கள்? வாங்குவதற்கு முந்தைய வாரம் என்ன பிரச்சினை வந்தது? மாறத் தூண்டியது, புதியதில் ஈர்த்தது, பயம், பழக்கம் என நாலு கட்டம் போட்டு நிரப்புங்கள். பலர் முதல் இரண்டை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கைவிட வைப்பது பின் இரண்டும்தான்.

பயம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் மூன்று வரும்: கணக்கு வெளியே போய்விடும், பையன் விலையைப் பார்த்துத் தனிக்கடை போட்டுவிடுவான், கரண்ட் போனால் அல்லது ஃபோன் தொலைந்தால் பாக்கியெல்லாம் போச்சு. மூன்றாவதற்கு மருந்து உண்டு, முதலாவதற்குச் சுலபத்தில் கிடையாது.

அப்புறம், முதலாளியோடு நிறுத்தாதீர்கள். மதியம் அவர் சாப்பிடப் போகும்போது கல்லாவில் உட்காருவது பெரும்பாலும் வீட்டம்மாதான். அவரிடமும் ஒரு 15 நிமிடம். பையனிடம் முதலாளி இல்லாதபோது மட்டும் பேசுங்கள். பக்கத்தில் இருந்தால் “எல்லாம் ஈஸிதாண்ணே” தவிர வேறு வராது. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையானால் கணக்கு தாக்கல் செய்கிற ஆடிட்டர் ஆபீஸில் ஒரு பேட்டி. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற ஜிஎஸ்டி ஏற்பாடு) இருக்கிற கடை வரியைத் தனியே காட்டி வாங்க முடியாது, வரி காட்டாத ‘பில் ஆஃப் சப்ளை’தான் கொடுக்க வேண்டும். இதைக் கடைக்காரர் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தெரியாமல் கட்டினால் ஆடிட்டர் முதல் மாதமே உங்கள் ஆப்பைத் தூக்கச் சொல்லிவிடுவார்.

#10 | குறிப்பேடு

பதிவு செய்வது பற்றி. இருவராகப் போங்கள், ஒருவர் பேச ஒருவர் எழுத. மூன்றாவது ஆள் வந்தால் ரெய்டு மாதிரி ஆகிவிடும்.

எழுதுபவர் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். “பையன் ரெண்டு தடவ எழுதிட்டானோ என்னவோ” என்பதை “இரட்டைப் பதிவுச் சிக்கல்” என்று எழுதினால் போச்சு. ‘என்னவோ’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அவருக்கே நிச்சயமில்லை. பக்கத்தை மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள்: சொன்னது, பார்த்தது, நமக்குத் தோன்றியது. மூன்றும் கலந்தால் ஒரு வாரத்தில் எது எவருடையது என்று தெரியாது. அன்று இரவே இருவரும் உட்கார்ந்து திருத்தி எழுதிவிடுங்கள். மறுநாள் ஆனால் பாதி ஆவியாகிவிடும்.

ஒலிப்பதிவு செய்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சட்டைப் பையில் ஒளித்து வைக்கிற வேலை வேண்டாம், துணி உரசுகிற சத்தம்தான் பதிவாகும். அது வேறு, மரியாதை வேறு. “வேண்டாம்” என்றால் உடனே அணைத்து, அணைத்ததைக் காட்டுங்கள். அதற்கப்புறம்தான் பேச்சே சூடு பிடிக்கும்.

கடன் நோட்டைப் படம் எடுக்கும்போது கவனம். அதில் இருப்பது கடைக்காரரின் தகவல் மட்டுமல்ல, அந்தத் தெருவில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது. பெயர் வரும் பகுதியை ஒரு அட்டையால் மறைத்து எடுங்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்திருக்கிறது. சட்டத்தைவிட முக்கியம், நீங்கள் மறைப்பதைக் கடைக்காரர் பார்க்கிறார்.

#11 | குறுக்குச்சால்

இவ்வளவு வேலைக்கு ஒரு மாதம் ஆகும். அதற்குள் சின்னதாக ஒன்று கட்டி நாலு கடையில் போட்டுப் பார்த்தால் உண்மை தானே தெரிந்துவிடும். பேட்டி, பேட்டி என்று காகிதம் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள்.

#12 | பொட்டலம்

ஒரு கணக்கு போட்டுவிட்டுச் சொல்லுங்கள். சின்னக் கடையிலும் 800 வகைச் சாமான் இருக்கும் என்று வையுங்கள். ஒன்றுக்குப் பெயர், விலை ஏற்ற அரை நிமிடம். 400 நிமிடம், கிட்டத்தட்ட ஆறே முக்கால் மணி நேரம். நீங்கள் கட்டிய சின்னதைப் போட்டுப் பார்க்கவே கடைக்காரர் ஒரு நாள் வேலையை விட வேண்டும். அவர் போடவில்லை என்றால் ஆப் பிடிக்கவில்லையா, ஏற்ற நேரமில்லையா? உங்களுக்குத் தெரியாது. கட்டிப் பார்ப்பது நல்லதுதான், எதைக் கட்டிப் பார்ப்பது என்பதற்கு நாலு கடையில் நின்றுவிட்டு வாருங்கள் என்கிறோம்.

#13 | குறுக்குச்சால்

சரி, நாலு கடை. பன்னிரண்டு இல்லை. :)

#14 | கல்லாமேசை

விலைக் கேள்வி பாக்கி இருக்கிறது. “எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்றால் இரண்டே பதில்: “நூறு ரூபாய்”, அல்லது “ஃப்ரீயா கொடுங்க, நாலு பேருக்குச் சொல்றேன்.” விலையைக் கண்டறிய வான் வெஸ்டென்டார்ப் என்பவர் 1976-ல் கொண்டுவந்த நாலு கேள்வி முறையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். எது மலிவு, எது விலை அதிகம், எதற்கு மேல் வாங்கவே மாட்டீர்கள், எவ்வளவு மலிவானால் தரத்தில் சந்தேகம் வரும் என்று கேட்டுக் கோடு வரைவது. அதற்கு நிறையப் பேர் வேண்டும், பொருளும் கண்ணில் தெரிய வேண்டும். 12 பேட்டியில் அதைப் போட்டால் கோடு ஜோசியம்தான் சொல்லும்.

பதிலாக, ஏற்கெனவே எதற்குப் பணம் கொடுக்கிறார் என்று பாருங்கள். யூபிஐ சத்தப்பெட்டிக்கு மாத வாடகை கட்டுகிறாரா? கணக்கு நோட்டு ஆண்டுக்கு எத்தனை வாங்குகிறார்? கணக்குக்குச் சனிக்கிழமை யாராவது வந்து உட்காருகிறார்களா, அவருக்கு எவ்வளவு? கொடுத்துப் பழகிய தொகைதான் விலை.

முடிவில் ஏதாவது ஒன்று கேளுங்கள், அவருக்குக் கொஞ்சம் செலவாகிற மாதிரி. அடுத்த செவ்வாய் மதியம் ஒரு மணி நேரம் தருவீர்களா? 50 சாமானின் விலைப்பட்டியல் எழுதித் தருவீர்களா? பக்கத்துத் தெருக் கடைக்காரருக்கு இப்போதே ஒரு ஃபோன் போட்டு அறிமுகம் செய்வீர்களா? 500 ரூபாய் முன்பணம்? “பிரமாதம் தம்பி” என்றவர் செவ்வாய்க்கிழமைக்கு நழுவினால், பிரமாதத்தை அடித்துவிடுங்கள்.

#15 | புதுச்சிட்டை

திருத்திய வடிவம். பார்த்துச் சொல்லுங்கள்.

நின்று எண்ணுவது (முதல் 20 நிமிடம்): எத்தனை பேர், சீட்டு எழுதியது எத்தனை, மனக்கணக்கு எத்தனை, பணம் சொல்லிச் சாமான் கேட்டது எத்தனை, “எழுதிக்கோங்க” என்றவர் எத்தனை.

பேச்சு:
1. வாரத்துக்கு எத்தனை மூட்டை அரிசி இறங்குது?
2. கடைசியா மாசக் கணக்கு முடிச்சது யாருக்கு? எப்படி? நோட்டைக் காட்டுங்க.
3. கடைசியா கணக்கு ஒத்து வராம போனது எப்போ? என்ன செஞ்சீங்க?
4. பாக்கி ரொம்ப நாள் நின்னவர்கிட்ட கடைசியா எப்படிக் கேட்டீங்க?
5. இதுக்கு முன்னாடி ஏதாவது ஆப், கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்தீங்களா? ஏன் விட்டீங்க?
6. அடுத்த வாரம் ஒரு மணி நேரம்?

#16 | நெல்லைக்காரி

நாலாவது நல்ல கேள்வி. பதிலைக் கவனமா கேளுங்க. “கேக்கவே இல்ல, அந்தப் பக்கம் போகும்போது ஒரு சிரிப்பு சிரிச்சேன்”னுதான் பாதிப் பேர் சொல்வாங்க. பாக்கி கேட்டா அந்த வீடு எதிர்க்கடைக்குப் போயிடும். அவங்களுக்கு வாட்ஸ்அப் நினைவூட்டல் வசதி இல்ல, தொல்லை.

அஞ்சாவதுல “ஏன் விட்டீங்க?” வேண்டாம். ‘ஏன்’னு கேட்டா குத்தம் சொல்ற மாதிரி இருக்கும், நியாயம் கற்பிக்க ஆரம்பிச்சுடுவாங்க. “கடைசியா அதுல பில் போட்ட அன்னைக்கு என்ன ஆச்சு?”ன்னு மாத்துங்க.

#17 | எண்ணும்_எழுத்தும்

போகும் முன் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்: ‘12-ல் 8 கடையில் சீட்டில் பெயர் எழுதவில்லை என்றால் பொருள் தேடும் திரையை முதலில் கட்ட மாட்டோம்.’ அதே மாதிரி பற்றுவரவுக்கும் ஒன்று. பேட்டி முடிந்தபின் அளவுகோலை வைத்தால் அளவுகோல் நம் ஆசைக்கு வளைந்துவிடும். எண்ணும்போது கடையை எண்ணுங்கள், பேச்சை எண்ணாதீர்கள். ஒரே அண்ணாச்சி ஒன்பது தடவை சொன்னாலும் அது ஒரு கடைதான்.

#18 | புதுச்சிட்டை

ஒட்டியாச்சு. எட்டு என்று போட எங்களில் ஒருவருக்கு மனமில்லை, பத்து வேண்டும் என்கிறார். பொருள் தேடும் திரையை வரைந்தவர் அவர்தான்.

#19 | பழையதராசு

அப்படியானால் அவரைக் குறிப்பு எழுத வையுங்கள். கேள்வி கேட்க விடாதீர்கள்.